வரி விளம்பரத்தில் "இன்னாருக்கு மட்டும்"

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஓர் ஊரில், பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு முப்பத்தொரு ஆண்டுகள் ஆதாரம் எழுதியவன் நான். எல்லைக்கு அப்பால் நீங்கள் பத்திரம் என்பதை இங்கே நாங்கள் ஆதாரம் என்போம். உங்கள் நாளிதழின் கோவைப் பதிப்பு வேலந்தாவளம் வழியாக விடியற்காலையிலேயே எங்களுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. இந்தப் பகுதியில் வீடு வாங்கவும் விற்கவும் வாடகைக்குப் பிடிக்கவும் நினைப்பவர்கள் முதலில் கையில் எடுப்பது உங்கள் ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரப் பக்கத்தைத்தான். அந்தப் பக்கத்தைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

"சைவம் மட்டும்", "டீசண்ட் ஃபேமிலி மட்டும்", "ஒரே சமூகத்தினர் வாழும் பகுதி", "மலையாளிகள் தவிர்க்கவும்", "இந்துக் குடும்பத்துக்கு மட்டும்" போன்ற சொற்கள் அந்தப் பக்கத்தில் வாரந்தோறும் வருகின்றன. வீட்டின் பரப்பு, கிணறு, வாசல் திசை, விலை ஆகியவற்றைச் சொல்ல வேண்டிய நான்கு வரிகளில் ஒரு வரி, யார் வரக்கூடாது என்பதைச் சொல்வதற்குப் போய்விடுகிறது. இத்தகைய சொற்களைக் கொண்ட வீடு, மனை விளம்பரங்களை இனி ஏற்பதில்லை என்று உங்கள் நாளிதழ் தானாகவே ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. இதைக் கேட்பதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது; அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

பத்து ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில், ஆறரை சென்ட் நிலத்தில் கிணற்றோடு கூடிய ஒரு தார்சு வீடு விற்பனைக்கு வந்தது. உடைமையாளர் எனக்குத் தெரிந்தவர். அவருக்கு விளம்பர வாசகத்தை எழுதிக்கொடுத்ததே நான்தான். அதைப் பார்த்து ஒரு பள்ளி ஆசிரியரும் அவருடைய மனைவியும் வந்தார்கள். வீடு பிடித்தது, விலை படிந்தது, கரார் என்னும் விற்பனை ஒப்பந்தம் எழுதி அட்வான்ஸும் கைமாறியது. பதிவுக்கு இரண்டு நாள் முன்னதாக ஆதாரத்தின் நகலைத் தட்டச்சு செய்து இரு தரப்பையும் அழைத்துப் படித்துக் காட்டினேன். வாங்குபவரின் பெயர், தகப்பனார் பெயர், நிரந்தர முகவரி என்று படித்துக்கொண்டே வந்தபோது, அந்த முகவரியில், பட்டியல் சாதியினர் வாழும் ஒரு காலனியின் பெயர் இருந்தது. அதைக் கேட்டதும் விற்பவர் என் கையிலிருந்த தாளை வாங்கித் தாமே ஒருமுறை படித்தார். நிலத்தின் நான்கெல்லையைச் சொல்லும் பகுதி வரைக்கும்கூட அவர் போகவில்லை. "வீட்டில் ஒருவார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன்" என்று எழுந்து போனவர், மறுநாள் காலை அட்வான்ஸ் தொகையை ஒரு ரூபாய் குறையாமல் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்து, "பெண்டுகளுக்குச் சம்மதமில்லைங்க, நீங்களே அவருகிட்ட கொடுத்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஆசிரியரிடம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை. வழக்குப் போடலாம், சட்டம் இருக்கிறது என்று நான் சொன்னதற்கு, "எனக்கு வீடுதான் வேணும், கேஸ் வேண்டாம்" என்றார். அவருடைய மனைவி வெளியில், அலுவலகத்துக்கு எதிர்ப்புறம் நிற்கும் புளியமரத்தடியில் நின்றிருந்தார், உள்ளே வரவில்லை.

அடுத்த வாரம் அதே உடைமையாளர் மறுபடியும் என்னிடம் வந்து, பழைய விளம்பரத்தோடு "நல்ல குடும்பத்தினர் மட்டும் அணுகவும்" என்று ஒரு வரியைச் சேர்த்துத் தரச் சொன்னார். நான் சேர்த்துக் கொடுத்தேன். அந்த வரியின் பொருள் அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அதை வாங்கி அச்சுக்கு அனுப்பிய விளம்பர முகவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முகவரியைப் படிக்கும் வரைக்கும் அந்த ஆசிரியர் நல்ல குடும்பம்தான். நான்கு சொற்களுக்குள் ஒரு மனிதரின் மேல் வைத்த தீர்ப்பை என் கையால் எழுதிக் கொடுத்தேன் என்பது இத்தனை ஆண்டுகளாகியும் என்னை விடவில்லை.

ஆதாரம் எழுதுபவனுக்கு இது கூடுதலாக உறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில், ஆவணத்தில் வரும் ஒருவரை அடையாளம் காட்டும் விவரங்களாக இருப்பிடம், தொழில், தகப்பனார் பெயர் ஆகியவற்றோடு சாதியும் சேர்க்கப்பட்டிருந்தது. 1956இல் சட்டத்தைத் திருத்திச் சாதி என்ற சொல்லை அந்த வரையறையிலிருந்து நீக்கினார்கள். என் மேசைக்கு வந்த பழைய முன்ஆதாரங்களில் பெயருக்குப் பின்னால் சாதியைப் பார்த்திருக்கிறேன். நான் எழுதியவற்றில் அது கிடையாது. ஆவணத்தை விட்டுப் போன ஒன்று, ஆவணத்துக்கு முன்னால் வரும் விளம்பரத்தில் வேறு உடையில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

முகவரியைக் குறித்தும் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆலத்தூர் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதால் கேரள அமைச்சர் பதவியிலிருந்து விலகிய கே. ராதாகிருஷ்ணன் அவர்கள், 2024 ஜூன் மாதத்தில் பதவியை விட்டுப் போகும் நாளில், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் வாழும் இடங்களைக் காலனி, சங்கேதம், ஊரு என்று அழைப்பதை நிறுத்த வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். அவற்றுக்குப் பதிலாக நகர், உன்னதி, பிரகிருதி போன்ற பெயர்களை வைக்கலாம் என்று அந்த ஆணை கூறியது. ஒரு சொல் ஒரு குடும்பத்தின் கைக்கு வந்த வீட்டைத் தட்டிப் பறிப்பதை நேரில் கண்டவன் என்ற முறையில், அந்த ஆணையின் அருமை எனக்குத் தெரிகிறது. ஆனால் அரசின் ஏட்டில் பெயர் மாறினாலும், தரகர்கள் பேச்சிலும் விளம்பரத்திலும் "காலனிக்கு அருகில் இல்லை" என்பது இன்னும் ஒரு தகுதியாகவே சொல்லப்படுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு, என் தொழிலில் நான் அறிந்ததைச் சொல்கிறேன். அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதைச் செயல்படுத்த வந்த 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரில் ஒருவரை எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டவோ வாங்கவோ அதில் குடியிருக்கவோ விடாமல் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக அதன் 4ஆவது பிரிவிலேயே சொல்லியிருக்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், அச்செயல் தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ள வேண்டும். அப்படி இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு மறுதரப்பின் மேல் விழுகிறது. எச்ஐவி தொற்று உள்ளவர்களுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டமும், திருநங்கையர், திருநம்பியர் உள்ளிட்ட மாற்றுப்பாலினத்தவர்களுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டமும், வீட்டில் வசிக்கவும் வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் உள்ள உரிமையை மறுக்கக்கூடாது என்று வெளிப்படையாகவே கூறுகின்றன.

இவற்றுக்கு வெளியே பெரிய இடைவெளி இருக்கிறது. மதத்தின் பேரிலோ, மொழியின் பேரிலோ, உணவின் பேரிலோ ஒரு தனியார் வீட்டுக்காரர் மறுத்தால், நேராகப் போய்க் காட்டத்தக்க ஒரு சட்டப்பிரிவு இல்லை. ஒரு சமூகத்தினருக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்று வைத்திருந்த குஜராத்தின் பார்சி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் விதியை 2005இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. கட்டுமான நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2016இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம், விளம்பரத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது: பதிவு செய்யாத திட்டத்தை விளம்பரப்படுத்தக்கூடாது, விளம்பரத்தில் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதள முகவரியும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும், பொய்யான விளம்பரத்தை நம்பி ஏமாந்தவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. இன்னாருக்கு விற்கமாட்டேன் என்று விளம்பரம் செய்வதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தவிர, எங்கள் பகுதியில் கைமாறுபவை பெரும்பாலும் பழைய தனி வீடுகளும் தோப்பை ஒட்டிய சிறு மனைகளும்தான். அந்தச் சட்டத்தின் வாசலுக்கே அவை வருவதில்லை.

அமெரிக்காவில் இதே கேள்வி அரை நூற்றாண்டுக்கு முன்பே வந்தது. அங்கே கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது என்று ஆதாரத்திலேயே நிபந்தனை எழுதும் வழக்கம் இருந்தது. அப்படிப்பட்ட நிபந்தனையை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக்கூடாது என்று 1948இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11ஆம் தேதி, குடியிருப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையெழுத்திட்டார். இனம், நிறம், மதம், பிறந்த நாடு ஆகியவற்றில் தொடங்கி, 1974இல் பாலினத்தையும், 1988இல் உடற்குறைபாட்டையும் குழந்தைகளோடு வாழும் குடும்பங்களையும் அதில் சேர்த்தார்கள்.

அந்தச் சட்டத்தில் நான் மிகவும் எண்ணிப் பார்க்கும் பகுதி ஒன்று உண்டு. நான்கு குடித்தனங்களுக்கு மிகாத கட்டடத்தில் ஒன்றில் உடைமையாளரே குடியிருந்தால், யாரைக் குடிவைப்பது என்பதில் பெரும்பாலான விதிகள் அவரைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் விளம்பரத்துக்கு அந்த விலக்கு கிடையாது. தன் திண்ணையில் அவர் என்ன முடிவெடுத்தாலும், இன்ன இனத்தாருக்கு மட்டும் என்று ஊரறிய அச்சிடக்கூடாது. மேரிலாந்து மாநிலத்தில் ஒரு வார இதழ், வெள்ளையர் வீட்டில் வாடகைக்கு இடம் இருப்பதாக விளம்பரம் வெளியிட்டதற்கு, அரசு அந்த இதழின் ஆசிரியர் மேலேயே வழக்குத் தொடுத்தது. அது பத்திரிகைச் சுதந்திரத்தில் தலையிடுவது ஆகாதா என்ற வாதத்தை 1972இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. வீட்டு விளம்பரங்கள் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவை என்ற அறிவிப்பை அங்குள்ள நாளிதழ்கள் தங்கள் விளம்பரப் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போடுகின்றன.

நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் வரும் வரைக்கும் ஆசிரியர்கள் காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. நாளிதழில் வரும் விளம்பரங்கள் உட்பட எல்லாவற்றுக்கும் ஆசிரியரே பொறுப்பு என்று இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் நடத்தை நெறிகளே கூறுகின்றன. செய்திப் பக்கத்தில் ஒருவரின் சாதியைத் தேவையின்றி எழுதுவதைத் தவிர்க்கும் நாளிதழ், விளம்பரப் பக்கத்தில் அதைப் பணம் வாங்கிக்கொண்டு எழுதுவது எப்படிப் பொருந்தும்?

என் வீடு, என் உரிமை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு முப்பது ஆண்டுகள் பேசியிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்லர். மாடியில் குடியிருப்பவர் இரவில் சத்தம் போடக்கூடாது, வாடகை மாதம் ஐந்தாம் தேதிக்குள் வர வேண்டும், மோட்டாரை இத்தனை மணிக்கு மேல் போடக்கூடாது என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. இவையெல்லாம் ஒருவர் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியவை. யாராக இருந்தாலும் கடைப்பிடிக்கலாம், கடைப்பிடிக்காவிட்டால் காலி செய்யச் சொல்லலாம். பிறப்பைப் பற்றிய நிபந்தனையை யாராலும் கடைப்பிடிக்க முடியாது. "சைவம் மட்டும்" என்பதை உணவைப் பற்றியது என்று சிலர் உண்மையாகவே நம்பி எழுதுகிறார்கள். அந்த விளம்பரத்துக்கு அழைப்பவரிடம் அடுத்து வரும் கேள்வி என்ன என்பதை உங்கள் வாசகர்களில் பலர் அறிவார்கள். "தப்பா நெனச்சுக்காதீங்க சார், நீங்க எந்த ஆளுங்க? ஓனர் கேக்கச் சொன்னாருங்க." கறிக்குழம்பு வைக்கமாட்டேன் என்று உறுதி சொல்லும் ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு அந்த வீட்டைக் கொடுத்ததை நான் கண்டதில்லை.

எல்லைப் பகுதியில் இது இருபுறமும் வெட்டுகிறது. கோவையில் வேலைக்குப் போகும் எங்கள் பிள்ளைகள், கேரளப் பதிவெண் கொண்ட வண்டியில் வந்து இறங்கினாலே வீடு கிடைக்காமல் திரும்பியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது தமிழ்தான் என்பதைக் கேட்கக்கூட யாரும் பொறுக்கவில்லை. பாலக்காட்டு நகரத்தில் அதே பிள்ளைகளை, தமிழரை இழிவாகக் குறிக்கும் பாண்டி என்ற சொல்லால் ஒதுக்கியவர்களும் உண்டு. கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கு வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களை, கேரளத்தில் விருந்தினர் தொழிலாளி என்று மரியாதையாக அழைக்கிறார்கள். ஆனால் தரகர்கள் அவர்களை ஒரே இரண்டு மூன்று தெருக்களுக்குத்தான் அழைத்துப் போகிறார்கள். மற்ற தெருக்களில் வீடு காலியாக இருப்பதையே சொல்வதில்லை. இப்படி ஆளைப் பார்த்துத் தெருவைக் காட்டுவதும் அமெரிக்கச் சட்டப்படி கூடாது. எங்களுக்குள்ளேயும் குறை இருக்கிறது: எல்லையோரத்துத் தமிழர்களிடையே சக்கிலியர் குடும்பங்கள் தீண்டாமைக்கு ஆளாவது முதலமடை ஊராட்சியின் கோவிந்தாபுரத்திலிருந்து 2017இல் நாடறியச் செய்தியானது. வேறு மொழிக்காரர் நம்மை ஒதுக்குகிறார் என்று வருந்துபவர்கள், நம் தெருவில் நாம் யாரை ஒதுக்குகிறோம் என்பதைப் பேசாமல் இருக்க முடியாது.

எதை எழுதினாலும் குற்றமா, பிறகு எப்படித்தான் விளம்பரம் செய்வது என்று விளம்பர முகவர்கள் கேட்கலாம். அமெரிக்காவிலும் இந்த அச்சம் வந்தது. பார்வையற்றவர் மனம் நோகுமே என்று "அழகிய காட்சி" என்றும், நடக்க முடியாதவருக்காக "பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தே போகலாம்" என்றும் எழுதக்கூடாதோ என்று தயங்கினார்கள். வீட்டையும் சுற்றுப்புறத்தையும் விவரிக்கும் இப்படிப்பட்ட சொற்களில் தவறில்லை என்று 1995 ஜனவரியில் அந்நாட்டு வீட்டுவசதித் துறை தன் அலுவலர்களுக்கு விளக்கம் அனுப்பியது. அளவுகோல் எளியது. அந்த வரி சுவரையும் கூரையையும் வழியையும் பற்றியதா, வருகிற ஆளைப் பற்றியதா என்று பார்த்தால் போதும். "கோயிலிலிருந்து 200 மீட்டர்" என்பது வழி சொல்வது. "கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஏற்ற வீடு" என்பது ஆளைத் தேர்ந்தெடுப்பது. "இரண்டு படுக்கையறை, தரைத்தளம், படி இல்லை" என்றால் முழங்கால் வலி உள்ளவர் தாமே புரிந்துகொண்டு வருவார். "வயதானவர்களுக்கு மட்டும்" என்று எழுதத் தேவையில்லை. "பேச்சிலர் வேண்டாம்" என்பதற்குப் பதிலாக, "அதிகபட்சம் நான்கு பேர் தங்கலாம், ஒரே ஒரு குளியலறை" என்று எழுதினால், வீட்டுக்காரர் உண்மையில் அஞ்சும் கூட்டத்தையும் தண்ணீர்ச் செலவையும் அது சொல்லிவிடும்.

ஆகவே, ஆளைத் தேர்ந்தெடுக்கும் சொற்கள் உள்ள வீடு, மனை விளம்பரங்களை அந்த வரியை நீக்கித்தான் ஏற்போம் என்று உங்கள் விளம்பரக் கிளைகளுக்கும் முகவர்களுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். "நல்ல குடும்பம்", "டீசண்ட்", "நம்மவர்கள்" போன்ற மூடுசொற்களையும் அதில் சேர்க்க வேண்டும். வெளிப்படையான சொல்லை மட்டும் தடுத்தால் எல்லோரும் மூடுசொல்லுக்குப் போவார்கள் என்பதை நானே எழுதிக் கொடுத்தவன் என்பதால் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தின் தலைப்பில் இந்த முடிவைக் கட்டம் கட்டி வெளியிட்டால், வீடு தேடுபவர்கள் எந்த நாளிதழை நம்பிக் கையில் எடுக்கலாம் என்று அறிந்துகொள்வார்கள். இதனால் சில விளம்பரங்கள் கைவிட்டுப் போகலாம். அந்த இழப்பு சிறியதன்று என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த ஆசிரியர் பின்னர் நல்லேப்பிள்ளிப் பக்கம் நான்கு சென்ட் வாங்கி வீடு கட்டினார். அந்த ஆதாரத்தையும் என்னிடம்தான் எழுதக் கொடுத்தார். எழுத்துக்கூலி வாங்க எனக்கு மனம் வரவில்லை, அவர் வற்புறுத்திக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது நான் ஓய்வில் இருக்கிறேன். உங்கள் விளம்பரப் பிரிவினர் விரும்பினால், கடந்த சில மாதங்களில் வந்த விளம்பரங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் எப்படி மாற்றி எழுதலாம் என்று கூடவே உட்கார்ந்து எழுதித் தருகிறேன். கோவைக்கு எங்கள் ஊரிலிருந்து பேருந்து இருக்கிறது. சொன்ன நாளில் வந்துவிடுவேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆதாரம் எழுத்தர் ஒருவர்,
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்.